போகிக்கு வீடு ஒழிப்பவர்களுக்கு



மார்கழி முடியப்போகிறது. பரண்மேல் ஏறி டிரங்குப் பெட்டிகளை இறக்கி, எதை வைத்துக்கொள்வது, எதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது, எதைப் போகித் தீயில் சேர்ப்பது என்று பிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அந்த வேலையின் நடுவே சணல் கட்டிய ஒரு கட்டு உங்கள் கையில் அகப்படலாம். பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து, கிறிஸ்துமஸ், ரம்ஜான் அட்டைகள். அவற்றோடு, ஆணியிலிருந்து கழற்றிய பிறகும் தூக்கிப்போட மனம் வராமல் சுருட்டிவைத்த காலண்டர் சாமி படம். வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்த தொடர்கதை. அந்தக் கட்டை மட்டும் தீயிலிருந்து தள்ளி வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பழைய அச்சுப் படங்களைத் தேடிப் போகிறவன் நான். தை மாத முதல் வாரத்தில் பழைய பேப்பர் கடைகளுக்குப் போனால் தெரியும், எவ்வளவு போய்விடுகிறது என்று. நோட்டுப் புத்தகங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முந்தைய வாழ்த்து அட்டைகள் தராசில் ஏறுகின்றன. கடைக்காரர்மேல் குறையில்லை. அவருக்கு அது எடை. வீட்டில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

அந்த அட்டையில் இருப்பது ஓர் ஓவியரின் வேலை. பெரும்பாலும் அந்த ஓவியத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியும் அந்த அட்டைதான். காரணம் தொழில் நடந்த விதம். ஓவியர் அட்டையைவிடப் பெரிய அளவில், போஸ்டர் கலரிலோ எண்ணெய் வண்ணத்திலோ படத்தை முடித்துக் கொடுப்பார். அச்சகம் ஒரு தொகை கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அதன்பின் அந்தப் படம் அச்சகத்தின் சொத்து. அடுத்த ஆண்டு அதே படத்தில் புடவை நிறத்தை மாற்றலாம், பானைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையைச் சேர்க்கலாம், ஓவியரின் பெயரை அழித்துவிட்டு அச்சகத்தின் பெயரைப் போடலாம். அச்சகம் கைமாறும்போதோ மூடும்போதோ மூலப் படங்கள் தகரத்தோடும் ஈயத்தோடும் போய்விடும். பத்திரிகை ஓவியங்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பிளாக் எடுத்து முடிந்ததும் கோட்டோவியத்துக்கு வேலை முடிந்தது. இன்று ஓர் ஓவியர் 1958இல் என்ன வரைந்தார் என்று பார்க்க வேண்டுமானால், எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் கிழிக்காமல் வைத்திருந்த பிரதியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த வீடு உங்களுடையதாக இருக்கலாம்.

கோவில்பட்டியிலிருந்து தொடங்குகிறேன். சி. கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதும் ஓவியராகி ஊர் ஊராகச் சுற்றி, 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் என்று அவரைச் சுற்றிச் சீடர்கள் சேர்ந்தார்கள். 1976இல் அவர் மறையும்வரை, அதற்குப் பின்னும், நம் வீடுகளின் பூஜை அலமாரியில் இருந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் பெரும்பாலும் இந்தச் சிறு வட்டத்தின் கையிலிருந்து வந்த முகங்கள். இன்றும் கண்ணை மூடிச் சாமியை நினைத்தால் கொண்டையராஜு வரைந்த முகமே பலருக்கு வருகிறது. அவர் பெயர் வருவதில்லை.

பக்கத்தில் சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ அச்சு வேண்டும், பட்டாசுக்கும் அப்படியே. லேபிள் அடித்த இயந்திரம் ஆண்டு முழுவதும் சும்மா நிற்கக் கூடாது என்றால் காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை. வறண்ட கரிசல் பூமியில் இரண்டு ஊர்கள், ஒன்றில் வரையும் கை, இன்னொன்றில் அச்சடிக்கும் இயந்திரம். தென்னிந்தியாவின் படச் சந்தை இந்த இடைவெளிக்குள் உருவானது. கலை வரலாறு எழுதுகிறவர்கள் கல்கத்தாவையும் பம்பாயையும் பற்றி எழுதிய அளவுக்கு இந்தச் சாலையைப் பற்றி எழுதவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கட்டிலிருந்து ஒரு பொங்கல் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முன்னே பொங்கிவழியும் பானை, இருபுறமும் கரும்பு. அதற்குப் பின்னே கோலம். அதற்கும் பின்னே மாடு, ஏர், வயல். வயல் முடியும் இடத்தில் தென்னை, கோபுரம், அப்பால் மலை, மலைக்குமேல் எழும் சூரியன். உள்ளங்கை அகல அட்டையில் இத்தனை ஆழம் எங்கிருந்து வந்தது? நாடக மேடையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். ஒன்றன்பின் ஒன்றாகத் திரை தொங்கவிட்டு அரண்மனையையும் நந்தவனத்தையும் காட்டிய கைகள்தாம் அட்டைக்கும் வந்தன. திரைச்சீலை எழுதியவருக்கு முன்னால் எது, பின்னால் எது என்பது ரத்தத்தில் ஊறியிருக்கும். ஓவியர் கே. மாதவனின் காலண்டர் படங்களையும் பத்திரிகை அட்டைகளையும் பாருங்கள். அங்கேயும் பெண்ணின் முகத்தில் விழும் வெளிச்சம் மேடை விளக்கின் வெளிச்சம்.

அந்தச் சூரியனையும் சற்றுக் கவனியுங்கள். பொங்கல் சூரியனுக்கான நாள், ஆகவே சூரியன் அங்கே இருப்பது முறை. ஆனால் 1949இல் தொடங்கிய தி.மு.க., 1950களின் பிற்பகுதியில் உதயசூரியனைச் சின்னமாகப் பெற்ற பிறகு, இரு மலைகளுக்கு நடுவே கதிர் விரித்து எழும் சூரியன் அட்டைகளில் வேறு பொருளும் பெற்றது. தைப் பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்திய காலம் அது. கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அட்டை வாங்கி அனுப்பினார்கள். சில அட்டைகளில் அண்ணாவின் படமும் பாரதிதாசன் பெயரும் வள்ளுவரும் இடம்பிடித்தன. பிறகு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்தார்கள். இன்னும் பிந்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்காசு போட்டு நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் இருக்கும் அட்டைகளை வாங்கினார்கள். தெருவோரத்தில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்ட கடைகளை நாற்பது வயதைத் தாண்டிய எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டை வரிசையாக அடுக்கிவைத்தால் தமிழ்நாட்டு அரசியலின் ஒரு பகுதியையே படமாகப் படிக்கலாம்.

வாழ்த்து அட்டையும் மலிவான தபாலும் சேர்ந்தே பிறந்தவை. பிரிட்டனில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் முறை வந்தது. அந்தச் சீர்திருத்தத்தில் வேலை பார்த்த ஹென்றி கோல் 1843இல் தன் நண்பர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை வரைந்து தரச் சொன்னார். அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி, ஒரு ஷில்லிங் விலையில் விற்றார்கள். நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி, இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சி. குழந்தையும் மதுக் கோப்பையைச் சுவைப்பதுபோல் வரைந்திருந்ததால் கண்டனம் எழுந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அட்டை அச்சடித்த முதல் நாளிலேயே ஓவியரின் பெயர் தெரிந்திருந்தது, இன்றும் தெரிகிறது. நம் அட்டைகளில் எத்தனைக்கு அப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே மூலையைப் பாருங்கள். வலது கீழ் மூலை, இடது கீழ் மூலை, பானையின் அடிப்பகுதி, மாட்டின் குளம்புக்கு அருகே உள்ள புல். சில இடங்களில் முழுப்பெயர் இருக்கும். சில இடங்களில் இரண்டு ஆங்கில எழுத்து மட்டும். கோவில்பட்டிப் படங்களில் சிலவற்றில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். யார் முகத்தை எழுதினார், யார் பின்னணியை எழுதினார் என்பது அவர்களுக்குள் இருந்த விஷயம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், ஒரு மதியப் பொழுது போவது தெரியாது. கண்டுபிடித்த பெயரைப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி அட்டையோடு வையுங்கள்.

மூலையில் இருக்கும் ஒரு சிறு பெயர் என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதி. அதன் பக்கங்களை அழகுசெய்யும் பணி சாந்திநிகேதனின் நந்தலால் போஸிடம் வந்தது. தன் மாணவர்களோடு சேர்ந்து அதை முடித்தார். முகப்புரைப் பக்கத்தின் சித்திர வேலையைச் செய்தவர் பியோகார் ராம்மனோகர் சின்ஹா. அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் தேவநாகரியில் 'ராம்' என்று சிறியதாக ஒரு கையொப்பம் இருக்கிறது. நாடே மதிக்கும் ஒரு பக்கம் யார் கையால் ஆனது என்பதை அந்த எழுத்துகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பெயர் தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் அட்டையே உதாரணம். 1965இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் கிறிஸ்துமஸ் அட்டைக்காக ராபர்ட் இண்டியானாவிடம் படம் கேட்டது. ஆங்கிலத்தில் அன்பைக் குறிக்கும் நான்கு எழுத்துகளை இரண்டு வரிசையாக அடுக்கி, ஒரு வட்ட எழுத்தை மட்டும் சாய்த்து வரைந்து கொடுத்தார். 1973இல் அமெரிக்கத் தபால்துறை அதைத் தபால் தலையாக வெளியிட்டது. ஆனால் தொடக்கத்தில் பதிப்புரிமையை அவர் உறுதிசெய்து கொள்ளாததால், பனியனிலும் கோப்பையிலும் சாவிக் கொத்திலும் யார் யாரோ அதை அடித்து விற்றார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த வடிவம். வரைந்தவருக்கு அதன்மேல் பிடி இல்லை. நம் சிவகாசிப் படங்கள் இப்போது இதே நிலைக்கு வந்திருக்கின்றன. காபிக் கடைச் சுவரிலும் கைபேசி உறையிலும் துணிப்பையிலும் பழைய காலண்டர் லட்சுமி அழகுக்காக அச்சாகிறாள். அச்சடிக்கும் இளைஞர்களுக்கு அந்தப் படங்கள்மேல் உண்மையான பிரியம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வரைந்தவரின் பெயரைப் போட வேண்டும் என்றால் அவர்களிடம் பெயர் இல்லை. பெயர் உங்கள் பரணில் இருக்கும் அட்டையின் மூலையில் இருக்கிறது.

பைண்டு செய்த தொடர்கதைக்கு வருகிறேன். அதைக் கதைக்காக வைத்திருந்தீர்கள். கதை இப்போது புத்தகமாகக் கடையில் கிடைக்கிறது, ஆகவே பைண்டு வேண்டாம் என்று நினைப்பீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். புத்தகத்தில் பல சமயம் படங்கள் இருப்பதில்லை; இருந்தாலும் சிறுத்தும் கறுத்தும் போயிருக்கும். 1950இல் 'கல்கி'யில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வாரா வாரம் வரைந்தார். வந்தியத்தேவன் எப்படி இருப்பான், பழுவேட்டரையர் எப்படி இருப்பார் என்பதை வாசகர் மனத்தில் பதித்தவர் அவர். பின்னால் வந்த எல்லா ஓவியர்களும் அவருடைய கொண்டைக்கும் கச்சைக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. 1968இல், நாற்பத்து நான்காவது வயதில் அவர் காலமாகிவிட்டார். 'ஆனந்த விகட'னில் ஓவியர் மாலி வளர்த்துவிட்ட கைகள் எத்தனை! சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலையின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து, 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரிசைக்கு வரைந்தார். கல்லில் விரலின் நகம்கூடத் தெரியும் அந்தக் கோடுகளில். கோபுலு 'தில்லானா மோகனாம்பா'ளுக்கும் 'வாஷிங்டனில் திருமண'த்துக்கும் வரைந்தார். பின்னாளில் விளம்பரத் துறைக்குப் போய் அங்கேயும் பெயர் நாட்டினார். வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகியவர் அவர். கூட்டத்தை அவர் வரைந்த பக்கம் கிடைத்தால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். எந்த இருவரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். மூலையில் நின்று எதையோ வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கும் ஒரு குணம் கொடுத்திருப்பார்.

எழுத்தையும் பாருங்கள். கணினி வருவதற்கு முன்னால் கதைத் தலைப்பையும் வாழ்த்து அட்டையின் வாசகத்தையும் கையால்தான் எழுதினார்கள். அச்சகங்களில் எழுத்துக்கென்றே ஓவியர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் படம் வரைந்தவர் பெயரைவிட அரிதாகவே கிடைக்கும். கரும்பை வளைத்துப் 'பொ' எழுதியவர்கள், கோலப் புள்ளிகளை இணைத்து 'வாழ்த்து' என்று படிக்க வைத்தவர்கள் அவர்கள். தமிழ் எழுத்தின் வடிவத்தைத் தூரிகையின் ஓட்டத்தோடு விளையாட விட்டவர் என்று கே.எம். ஆதிமூலத்தைச் சொல்கிறோம், 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த அதே கை எத்தனையோ நூல்களின் அட்டைக்கும் எழுத்து எழுதியது. அவர் காந்தியை வரிசையாக வரைந்தவர், பெரிய கலைக்கூடங்களில் இடம்பெற்றவர். ஆனாலும் புத்தக அட்டையைச் சிறிய வேலை என்று அவர் எண்ணவில்லை. ஓவியம் என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது, அட்டையும் லேபிளும் அதற்குக் கீழே என்ற தரவரிசையை நாமும் கைவிட வேண்டும் என்பேன்.

இனி, கட்டில் எளிதாகத் தீக்குப் போகக்கூடிய ஒன்றைப் பற்றி. அச்சகத்தின் பெயரும் ஓவியரின் பெயரும் இல்லாத, வீட்டிலேயே செய்த அட்டைகள். சார்ட் பேப்பரை வெட்டி மடித்து, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோலக் கரை போட்டு, நடுவில் பானையை வரைந்து, பசை தடவிய இடத்தில் ஜிகினாத் தூளைத் தூவி, மீதியை ஊதித் தள்ளிய அட்டைகள். அத்தைகளும் சித்திகளும் கல்லூரி விடுதியில் இருந்த அண்ணன்களும் அனுப்பியவை. அவற்றை வரைந்தவர்களில் பலர் பிறகு தூரிகையைத் தொடவே இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இப்படி ஒரு கை இருந்தது என்பதற்கு அந்த அட்டையைத் தவிர அடையாளம் இல்லை.

கைவேலை அட்டைக்குப் பெரிய இடம் கொடுத்தவர்கள் உண்டு. நந்தலால் போஸ் சாதாரண அஞ்சலட்டையில் நாலு கோட்டில் ஒரு மரத்தையோ ஆட்டையோ படகையோ வரைந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் பிறந்த நாளையொட்டிச் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் நந்தன் மேளாவில் மாணவர்கள் தாங்களே செய்த அட்டைகளையும் காலண்டர்களையும் விற்கிறார்கள். அந்தப் பணம் மாணவர்களின் தேவைக்குப் போகிறது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கலை ஆவணக் காப்பகம், ஓவியர்களின் கடிதக் கட்டுகளிலிருந்து கிடைத்த கையால் செய்த பண்டிகை அட்டைகளைத் தொகுத்து 2012இல் ஒரு நூலாகவே கொண்டுவந்தது. மரக்கட்டை அச்சு, லினோ, பட்டுத்திரை அச்சு, வெட்டி ஒட்டிய தாள் என்று நண்பருக்கு நண்பர் அனுப்பியவை. அந்த ஓவியர்களின் பெரிய படங்களில் இல்லாத ஒரு தளர்ச்சியும் குறும்பும் அவற்றில் இருக்கின்றன. அவை பிழைத்ததற்கு ஒரே காரணம், வாங்கியவர்கள் தூக்கிப் போடவில்லை.

ஒரு குழந்தையின் படத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் யுனிசெஃப் அனுப்பிய உதவி பெற்ற ஒரு கிராமம். ஏழு வயதுச் சிறுமி ஜிட்கா சம்கோவா நன்றி சொல்ல ஒரு படம் வரைந்தாள். தாள் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள்: கம்பத்தைச் சுற்றி ஆடும் பிள்ளைகள். 1949இல் அது யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையானது. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அந்த அட்டைகள் உலகமெங்கும் விற்று, குழந்தைகளுக்கான நிதி திரட்டின. உங்கள் கட்டிலும் ஒன்றிரண்டு யுனிசெஃப் அட்டை இருக்கக்கூடும். பின்பக்கத்தில் ஓவியர் பெயர் அச்சிட்டிருக்கும். அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அட்டை எந்தக் காலத்தது என்று கேட்பீர்கள். உறையோடு இருந்தால் தபால் முத்திரையே சொல்லிவிடும். அதனால்தான் உறையைக் கழற்றிப் போடாதீர்கள் என்கிறேன். தபால் தலை சேர்க்கும் பிள்ளைக்காக மூலையை வெட்டிக் கொடுத்துவிடவும் வேண்டாம். முத்திரை மங்கியிருந்தால் வேறு தடயங்கள் உண்டு. விலையிலோ தபால் தலையிலோ நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. மெட்ராஸ் ஸ்டேட் என்றிருந்தால் பெரும்பாலும் 1969க்கு முந்தியது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியதே ஒரு பொங்கல் நாளில், 1969 ஜனவரி 14 அன்று. 'லை', 'னை' எழுத்துகளில் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய கொம்பு இருந்தால் 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கையால் எழுதிய ஓவியர்கள் அந்த வளைவின் அழகுக்காகவே அதைப் பிறகும் விடவில்லை, ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது நிறங்கள் ஒழுங்கான புள்ளி வரிசையாகத் தெரிந்தால் ஆஃப்செட் அல்லது பிளாக் அச்சு. புள்ளிகள் தாறுமாறாக, மணல் தூவியதுபோல், கையால் குத்திக் குத்தி வைத்ததாகத் தெரிந்தால் கல்லச்சாக இருக்கலாம். சிவப்பு உதட்டை விட்டு வெளியே நழுவியிருக்கும் சில அட்டைகளில். ரிஜிஸ்டர் விலகியது என்று அச்சகத்தில் சொல்வார்கள். அதைக் குறை என்று எண்ணி ஒதுக்காதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை தாள் இயந்திரத்துக்குள் போய் வந்தது என்பதற்கு அது அடையாளம்.

உறையின்மேல் 'புக் போஸ்ட்' என்று எழுதி, வாயை ஒட்டாமல் உள்ளே செருகியிருப்பதையும் காண்பீர்கள். கடிதத்தைவிடக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் வழி அது. அதனால் உள்ளே எழுத்து குறைவு, ஒரு பெயர், ஊர். எழுத இடமில்லாத அன்பு முழுவதையும் படம் தாங்க வேண்டியிருந்தது. யாருக்கு எந்தப் படம் என்று கடையில் நின்று நெடுநேரம் தேர்ந்திருப்பார்கள். மாடு வைத்திருக்கும் மாமாவுக்கு மாட்டுப் படம், புதிதாகக் கல்யாணமான தங்கைக்குக் கோலம் போடும் பெண். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் தன் அட்டைகளை அனுப்பியவர் வாரியாகக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். என்னைப் போன்றவர்கள் படம் வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ பிரிப்போம். அவருடைய முறையே சரி என்று தோன்றியது. அந்தக் கட்டைக் கலைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

பாதுகாப்பது கடினமில்லை. லேமினேட் செய்யாதீர்கள்; அது தாளைத் திரும்ப எடுக்க முடியாதபடி அடைத்துவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் மஞ்சளாகிக் கறை இறங்கும். ரப்பர் பாண்டு வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் வண்ணம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அமிலமில்லாத தாளை இடையிடையே வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கைவசமாக அடுக்கி, ஈரச் சுவரிலிருந்து தள்ளி, பரணின் வெக்கையிலிருந்து இறக்கி, அலமாரியின் நடுத்தட்டில் வைத்தால் போதும். இராமபாணப் பூச்சிக்குத் துணியில் முடிந்த வசம்பு வைப்பது பலர் வீட்டு வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம். மூடியே இருக்கும் பெட்டிக்குள்தான் பூச்சி குடியேறும்.

வைத்துக்கொள்ள இடமில்லை என்பவர்களும் இருப்பீர்கள். சிறிய அடுக்ககத்தில் வாழ்பவர்களிடம் எல்லாவற்றையும் வைத்திருங்கள் என்று சொல்வது நியாயமில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அது எப்படித் தொடங்கியது என்பது இந்த மடலுக்கு நெருக்கமான கதை. கோட்டையூர் முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தொழிலுக்கு உதவும் என்று பழைய பத்திரிகைகளையும் அட்டைகளையும் பார்க்கத் தொடங்கியவர், நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் துச்சமாக எண்ணியதையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் இங்கேயே நூலகமாக நிலைபெற வழி செய்தது. பல்கலைக்கழகம் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு விளம்பரப் பலகை ஓவியருக்கு இதன் மதிப்பு தெரிந்திருந்தது. உங்கள் கட்டைக் கொடுக்க விரும்பினால் அந்த நூலகத்தையோ, உங்கள் மாவட்டத்தில் நீங்கள் நம்பும் நூலகத்தையோ, கல்லூரித் தமிழ்த் துறையையோ முதலில் கேளுங்கள். கொடுக்கும்போது யாருடைய வீட்டுக் கட்டு, எந்த ஊர் என்று ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள்.

கட்டைக் கொடுக்காமலே ஒன்று செய்யலாம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றையும் படமெடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது இருக்கும்படி செய்யுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், அச்சகத்தின் பெயரும் வரிசை எண்ணும் அங்கேதான் இருக்கும். அந்த எண் இரண்டு வீடுகளில் பொருந்தினால் ஓர் ஆண்டின் முழு வரிசையையே மீட்டுக் கட்டலாம்.

கடைசியாக, இந்தத் தொழிலில் இருந்த குடும்பங்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ அப்பாவோ சிவகாசியிலோ கோவில்பட்டியிலோ மதுரையிலோ சென்னையிலோ அச்சகத்துக்குப் படம் எழுதியிருந்தால், கல்லில் படத்தை ஏற்றியிருந்தால், நெகட்டிவ் ரீடச் செய்திருந்தால், தலைப்பு எழுத்து எழுதியிருந்தால், அவர் எந்தப் படத்தைத் தன்னுடையது என்று சொன்னார் என்பதை எழுதிவையுங்கள். அச்சில் பெயர் இல்லாவிட்டாலும் வீட்டில் நினைவு இருக்கும். எந்தப் படத்துக்கு யார் முகத்தை மாதிரியாக வைத்தார், எந்த அச்சகத்துக்கு எத்தனை ஆண்டு வரைந்தார், என்ன தூரிகை வைத்திருந்தார், எந்த நிறம் கிடைக்காமல் தவித்தார் என்பதெல்லாம் பாட்டிக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் கூடுவீர்கள். கட்டைப் பிரித்து அவர்கள் மடியில் வைத்து, ஒவ்வோர் அட்டையாகக் காட்டிக் கேளுங்கள். கைபேசியில் குரலைப் பதிவுசெய்யுங்கள். சொல்லும் பெயரை அங்கேயே, அந்த அட்டையோடு வைக்கும் துண்டுத் தாளில், பேனாவால் வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
பழைய அச்சுப் படங்களைத் தேடும் ஒருவன்